செங்கல் ஊர்க்காரி

கொல்லயில் என்கிற ஊரில் ஐந்து சென்ட் இடம் வாங்கி நாலு வருஷமாகியும் அதில் ஒரு கல்கூட வைக்கவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் யாரையும் நம்பத் தெரியாது என்பதுதான் காரணம். முதலில் வந்த காண்டிராக்டர் சிரித்துச் சிரித்துப் பேசினார். வேண்டாம் என்று அனுப்பினோம். அடுத்து வந்தவர் சிரிக்கவே இல்லை, அவரையும் அனுப்பினோம். வீட்டுக்காரர் வயரிங் வேலை செய்கிறவர். எத்தனையோ புது வீடுகளில் சுவரைக் கொத்திப் பைப் பதித்திருக்கிறார். பூச்சுக்குப் பின்னால் என்னென்ன மறைத்திருப்பார்கள் என்று பார்த்துப் பார்த்து, எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. நான் நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஒருவருடைய குழாயில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிடக் கூடாது என்பதால், எதிரே உட்கார்ந்திருக்கிறவரிடம் பெயரை மூன்று தடவை கேட்பேன். சொல்வது உண்மைப் பெயர்தானா என்று நாலாவது தடவை மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள்தான் ஒருநாள் அந்த வீடியோவை அனுப்பினாள். பெருங்கடவிளைக்கு உள்ளே ஒரு சின்ன வீடு. ஐம்பது வருஷத்துக்கு மேல் பழையது. இரண்டு பள்ளிக்கூட டீச்சர்களுக்காக ஒரு ஆர்க்கிடெக்ட் வரைந்து கட்டியது. பூசாத செங்கல் சுவர், வளைந்த ஒரு அறை, நடுவில் வெளிச்சம் விழுகிற கூரை. சனியும் ஞாயிறும் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது என்று வீடியோவின் கீழே எழுதியிருந்தது.

"அம்மா, நம்ம அஞ்சு சென்ட்டுக்கு இப்பிடி ஒண்ணு போதும். போய்ப் பாருங்க ரெண்டு பேரும்" என்றாள்.

வீட்டுக்காரர் வீடியோவை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார்.

"காசும் வாங்காம ஒருத்தன் வீட்டைத் தொறந்து ஊராளுகளுக்குக் காட்டுகான்னா அதுல என்னமோ உண்டு" என்றார்.

"நல்ல மனசா இருக்கும்" என்றேன்.

"நல்ல மனசு உள்ளவன் வீடியோ போடமாட்டான்."

இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை எனக்கு அரைநாள்தான் வேலை. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். பெருங்கடவிளை சந்தையைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இறங்குகிற ஒரு பாதையில் போனால் கேட். கேட்டுக்குப் பக்கத்துத் தென்னையில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'சரித்திர வீடு, பொதுமக்கள் பார்வைக்கு' என்று மலையாளத்தில். எழுத்துகள் பெரிதாகவும் வீட்டின் படம் சின்னதாகவும் இருந்தன.

நாங்கள் வண்டியை நிறுத்துவதற்கு முன்பே ஒருவர் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, கையில் சாவிக் கொத்து. எங்கிருந்து வருகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். நானும் வீட்டுக்காரரும் எங்களுக்குள் தமிழில் இரண்டு வார்த்தை பேசினதைக் கேட்டுவிட்டு, அவரும் எங்கள் பேச்சுக்கு மாறினார்.

"ஆரு சொல்லியாக்கும் வந்தீங்க?"

"யாரும் சொல்லல்ல. மொபைல்ல பாத்தோம்" என்றேன்.

"மொபைல்ல உங்களுக்கு ஆரு அனுப்பினது?"

"எங்க மக."

"மகளுக்கு ஆரு அனுப்பினது?"

இது என்ன, வீடு பார்க்க வந்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "ஊரு எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர், "அங்கதான், பாறசாலைக்கு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய திசையில் பாறசாலை இல்லை. அந்த மனிதர் அந்தத் திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு எங்கள் ஸ்கூட்டரை முன்னாலும் பின்னாலுமாகச் சுற்றி வந்தார். பழைய வண்டி, ஒரு பக்கம் இடித்து நெளிந்திருக்கும். அதைத்தான் பார்க்கிறார், ஆளை எடைபோடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெளியே அத்தனை வெயில். உள்ளே காலை வைத்ததும் தரை குளிர்ந்திருந்தது. வீட்டுக்காரர் ஏசி எங்கே என்று மேலே தேடியதை நான் பார்த்தேன். ஏசி இல்லை. மேற்குச் சுவரில் கல்லுக்குக் கல் இடைவெளி விட்டுக் கட்டியிருந்ததால் காற்று சின்னச் சின்னத் துண்டாக வந்துகொண்டிருந்தது. தரை சிவப்பு, தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. மேல் கான்கிரீட்டில் ஓடுகளைக் கவிழ்த்துப் பதித்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஓட்டின் அடிப்பக்கம் வரிசையாகத் தெரிந்தது.

ஹாலின் ஒரு சுவர் மட்டும் உள்பக்கமாகக் குழிந்து வளைந்திருந்தது. அந்த இடத்தில் நின்று அவர் சொன்னார்: "இங்க வெளிய ஒரு அயனி மரம் நின்னுது. அதை முறிக்கப்பிடாதுன்னு எங்க..." சட்டென்று நிறுத்தினார். "இந்த வீட்டுக்காரங்க சொன்னினும். டீச்சரும் சாரும். அப்பம் ஆர்க்கிடெக்டு சுவரை வளைச்சுக் குடுத்தாரு. மரம் பிந்திப் பட்டுப்போச்சு. சுவரு அப்பிடியே நிக்குது."

'எங்க' என்று தொடங்கி விழுங்கினது என் காதில் விழுந்தது.

"நீங்க இந்த வீட்டு ஆளா?" என்று கேட்டேன்.

"நான் சும்மா வீட்டைப் பாத்து நோக்கி நடத்துகேன். இங்க ஆரும் தாமசம் இல்ல."

தாமசம் இல்லை, யாரும் குடியிருக்கவில்லை என்கிறார். ஆனால் ஜன்னல் திண்டில் ஒரு பெண்ணின் தலைமுடிக் கிளிப் கிடந்தது. கை கழுவுகிற இடத்தில் சோப்பு ஈரமாக இருந்தது. ஒரு கதவு மட்டும் பூட்டியிருந்தது. அதற்கு உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "அடுக்களை. பழைய சாமானம் போட்டிருக்கு" என்றார். அவர் சொல்லி முடித்த அதே நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவர் பலமாக இருமினார். இரண்டாவது விசிலுக்கும் இருமினார். மூன்றாவது விசில் வரவில்லை. யாரோ அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மீட்டரைப் பாத்தேன். ஓடுகு. ஃப்ரிட்ஜ் உண்டு உள்ள. ஆளில்லாத வீட்டுல எதுக்கு ஃப்ரிட்ஜ்?"

"மெல்லப் பேசுங்க."

"ஏதோ ஏமாத்துப் பரிபாடி ஆக்கும் இது. சீக்கிரம் பாத்துட்டு வா."

எனக்கோ அந்த வீடு பிடித்துப்போயிருந்தது. பிடித்துப்போனதாலேயே சந்தேகம் கூடியது. ஜன்னலோரம் செங்கல்லிலேயே ஒரு இருக்கை கட்டியிருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தேன், கால் சரியாகத் தரையில் பட்டது. எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளலாமே என்று பையிலிருந்து டேப்பை எடுத்து இழுத்தேன். அந்த மனிதர் அறையின் மறுகோடியிலிருந்து இரண்டே எட்டில் வந்து சேர்ந்தார்.

"அளக்கப்பிடாது!"

"உயரம் பாக்கத்தான்."

"அளக்க வந்த ஆளாக்கும் நீங்க, இல்லியா? சர்வேயா? வக்கீல் அனுப்பினாரா?"

டேப் என் கையிலிருந்து நழுவி உள்ளே சுருண்டுகொண்டது. "நாங்க வீடு கெட்டப் போறோம். அதுக்காக்கும்" என்று சொன்னபோது என் குரலே எனக்குப் பொய்போலக் கேட்டது. கொல்லயிலில் ஐந்து சென்ட் இருப்பதை ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். சொன்னால் அங்கேயும் வந்து நிற்பார் என்று அப்போது பயந்திருப்பேன்.

வெளியே வரும்போது வாசலில் ஒரு சின்ன மேஜை. அதில் நீளமான ரெஜிஸ்டர். "பேரு, ஊரு, நம்பரு, ஒப்பு. நாலும் வேணும்" என்றார். ஒப்பு என்றால் கையெழுத்து. சற்றுமுன் எங்களைப் பார்த்துக் கத்தினவர், இதைக் கேட்கும்போது மட்டும் குழைந்தார். "தயவாயிட்டு எழுதணும். வந்தவங்க ஒக்க எழுதியிருக்கு, பாருங்க."

வீட்டுக்காரர், வண்டியைத் திருப்புகிறேன் என்று நைசாக நகர்ந்துவிட்டார். போகிற போக்கில் என் காதில், "உள்ளது எழுதாத" என்றார்.

பேனாவைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் என்கூடப் படித்த ஒருத்தியின் பெயரை எழுதினேன். அவள் கல்யாணமாகி எங்கேயோ போய் எத்தனையோ வருஷம். ஊர் என்கிற இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். நிமிர்ந்தால் கண்ணுக்கு முன்னால் முழுக்கச் செங்கல். செங்கல் என்றே எழுதினேன். அப்படி ஒரு ஊர் பக்கத்தில் இருக்கத்தானே செய்கிறது. போன் நம்பரில் கடைசி இரண்டு எண்ணை மாற்றினேன். அவளுடைய கையெழுத்தாக ஒன்றைப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு பெயரைத் தெரிந்தே தப்பாக எழுதினேன். அந்த மனிதர் குனிந்து படித்துவிட்டு, "செங்கல்லா? உங்க ஆளு பாறசாலைன்னு சொன்னாரு" என்றார்.

"எனக்கு அங்க. அவருக்கு இங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் ஏதோ தப்பித்து வந்தவர்களைப்போல் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் போனது. அந்த வீட்டின் குளிர்ச்சி மட்டும் எங்களை விடவில்லை. வாடகை வீட்டில் ஃபேனுக்கு அடியில் வியர்த்துக்கொண்டு உட்காரும்போது வீட்டுக்காரர் தானாகவே பேச்சை எடுப்பார். "அந்தச் சுவருல பூச்சு இல்லியே. பூச்சில்லாத சுவருல வயரை எங்கயாக்கும் கொண்டுபோனான்? வெளிய ஒரு பைப்பும் தெரியல்ல." இது அவருடைய தொழில். ராத்திரி பகல் யோசித்தும் விடை கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு, "போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்று அவரே கேட்டார். அதற்குள் எங்களுக்கு ஒரு மேஸ்திரியும் அமைந்திருந்தார். ஓடு வைத்துக் கூரை போட்டுப் பழக்கமுள்ளவர். மகள் கண்டுபிடித்தவர் என்பதால் அனுப்ப முடியவில்லை.

இந்தத் தடவை தென்னையில் ஃபிளெக்ஸ் இல்லை. கட்டியிருந்த கயிறு மட்டும் தொங்கியது. கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு அதே மனிதர் வந்தார். சட்டை தேய்க்காமல் இருந்தது. ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"இந்த வண்டி முன்ன வந்திருக்கு."

"ஓ. வீடு பாக்க வந்தோம்" என்றார் வீட்டுக்காரர். "இப்பம் ஒரு சங்கதி கேக்கணும். வயரு..."

"பாக்க ஒண்ணும் இல்ல இனி. கழிஞ்சுது." ஆனால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தவரைப்போல, கேட்டைத் திறக்காமலே சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்கள் கேட்டோம்.

அவர் அந்த டீச்சர்களின் மூத்த மகன். தம்பி ஒருவர் இருக்கிறார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பி பாகம் கேட்டுக் கேஸ் கொடுத்தார். வீட்டை இடித்து, சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து அளந்து பிரிக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. அண்ணன் ஒருவரே வீட்டை அனுபவிக்கிறார் என்பது புகார். அதனால்தான் இங்கே யாரும் தாமசம் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வீடு இடிக்கிற சாதாரண வீடு இல்லை, ஜனங்கள் தேடி வந்து பார்க்கிற வீடு என்று கோர்ட்டில் காட்டலாம் என யாரோ யோசனை சொல்ல, வீட்டைத் திறந்துவிட்டு, ரெஜிஸ்டர் வைத்து, அதன் நகலை வக்கீல் மூலம் கொடுத்திருக்கிறார். வருகிறவர்கள் அவருக்கு வேண்டும். அதே சமயம் வருகிற ஒவ்வொருவரும் தம்பி அனுப்பிய ஆளாக இருக்குமோ என்றும் பயம்.

"இப்பம் என்ன செய்தான் தெரியுமா? ரெஜிஸ்டர்ல உள்ள ஆளுகளை ஒக்கத் தேடிப் போயிருக்கான். வந்தது உண்டா, வந்தது உண்டான்னு. எல்லாரும் உண்டுன்னு சொன்னினும். ஒருத்தி மாத்திரம் இல்ல. அப்பிடி ஒரு பெண்ணு அந்த ஊருலயே இல்ல. நம்பரு வேற ஆருக்கோ போகுது. இந்த ஒண்ணை வச்சிட்டு, ரெஜிஸ்டர் மொத்தமும் நான் வீட்டுல இருந்து எழுதினதுன்னு சொல்லுகான்."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கேட் கம்பிக்கு நடுவே நீட்டினார். ரெஜிஸ்டரின் ஒரு பக்கத்தின் நகல். நடுவில் ஒரு வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம். ஊர் என்கிற இடத்தில் செங்கல் என்று இருந்தது. என் எழுத்து.

வீட்டுக்காரர் என் முழங்கையை அழுத்தினார். வா, போவோம் என்று அர்த்தம். போயிருக்கலாம். அந்த மனிதருக்கு எந்த வரி யாருடையது என்று ஞாபகம் இல்லை. எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். லேபில் ஒருமுறை கூடவேலை செய்கிற பெண் ஒரு குழாயில் பெயர் மாற்றி ஒட்டிவிட்டு, ரிசல்ட் போன பிறகு ஓரமாக நின்று அழுதாள். அன்றைக்கு அவளை நான் எப்படிப் பேசினேன் என்று ஞாபகம் வந்தது.

"அது நானாக்கும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "அந்தப் பேரு நான் எழுதினது. என் பேரு அது இல்ல. ஊரும் அது இல்ல. பயந்து மாத்தி எழுதிட்டேன்."

சந்தோஷப்படுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முகம் இறுகியது. காகிதத்தை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்பம் நான் நினைச்சது செரி. அவன் அனுப்பின ஆளுகதான் நீங்க. கள்ளப் பேரு எழுதச் சொல்லி அனுப்பியிருக்கான்! பிந்தி அதையே எடுத்துக் காட்டுகான்! டேப்பு வச்சு அளந்ததும் நீதான, இல்லியா?"

"அய்யோ, இல்ல! எங்களுக்கு உங்க தம்பியைத் தெரியவே தெரியாது."

"தெரியாத ஆளு எதுக்கு கள்ளப் பேரு எழுதணும்? சொல்லு. எதுக்கு எழுதணும்?"

வீட்டுக்காரர் முன்னால் வந்து, "நீங்களும்தான ஆளில்லாத வீடுன்னு சொன்னீங்க? உள்ள குக்கர் விசில் அடிக்குது, மீட்டர் ஓடுகு. நாங்க என்ன நினைக்க?" என்றார். இரண்டு பேரும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று சத்தம் போட்டார்கள். யார் முதலில் பொய் சொன்னது என்று சண்டை. அது பொய்யில்லாமல் நடந்த நல்ல சண்டை.

அப்போது வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். நைட்டியின்மேல் துண்டு போட்டு, கை இரண்டிலும் மாவு ஈரம். பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் இவள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அவருடைய மனைவி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நீங்க ஒரு மினிட்டு கத்தாம இருங்க" என்று கணவரிடம் சொன்னாள். "அன்னைக்கு வண்டி நம்பரு குறிச்சு வச்சீங்கல்லியா? வாற வண்டி ஒக்க ரெஜிஸ்டருக்குப் பின்னால எழுதுகேன், எழுதுகேன்னு சொன்னீங்களே. எடுத்துட்டு வாங்க."

அவர் அசையவில்லை. அவளே உள்ளே போய் ரெஜிஸ்டரை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு வரிசையாக வண்டி நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னக் குறிப்பு. நெளிந்த ஸ்கூட்டரின் நம்பர் அந்தச் சனிக்கிழமைக்கு நேரே இருந்தது. பக்கத்தில், 'இரண்டு பேர். ஆண், பெண். சம்சயம்' என்று எழுதியிருந்தார். சம்சயம் என்றால் சந்தேகம். வண்டியைச் சுற்றி வந்து அவர் பார்த்தது நெளிவை அல்ல, நம்பரை.

"வந்த ஆளு பொய் இல்ல, பேருதான் பொய். வண்டி இவங்களுக்குள்ளது. இதை வக்கீல்கிட்ட காட்டினா போதும்" என்றாள் அவள். பிறகு என்னிடம், "அக்கா, ஒரு பேப்பர்ல ஒப்பு இட்டுத் தருவீங்களா?" என்று கேட்டாள். அதைக் கேட்கும்போது கேட்டையும் திறந்துவிட்டாள். அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வண்டி வீட்டுக்காரர் பெயரில். வக்கீல் கேட்கிற ஆர்.சி. புக் நகல் வேண்டும் என்றால் அவர் சம்மதிக்க வேண்டும். அவர் மூன்று நாள் பிடி கொடுக்கவில்லை. "ஆருக்கோ உள்ள கேஸ். நம்ம பேரு எதுக்கு அதுல? நாளைக்கு அந்தத் தம்பி நம்ம வீட்டு முன்னால வந்து நிப்பான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானும் அதைத்தான் பயந்தேன். நாலாவது நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் மேலே மடித்த ஒரு நகல் இருந்தது. அவர் பிளேடும் டெஸ்டரும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

வக்கீல் ஆபீஸ் நெய்யாற்றின்கரையில் ஒரு மாடியில். லேபிலிருந்து பத்து நிமிஷ நடை. கிளார்க் ஒருவர் நான் சொல்லச் சொல்ல மலையாளத்தில் டைப் செய்தார். அந்த வீட்டு மனிதரும் அவருடைய மனைவியும் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெயர் மாற்றி எழுதின இடத்துக்கு வந்ததும் கிளார்க் தானாகவே, 'தவறுதலாக எழுதிவிட்டேன்' என்று பொருள்வருகிற மாதிரி டைப் செய்துவிட்டுப் படித்துக் காட்டினார்.

"தவறுதலா இல்ல" என்றேன். "தெரிஞ்சுதான் எழுதினேன்."

கிளார்க் நிமிர்ந்தார். "அப்பிடிப் போட்டா மோசமா இருக்கும் மேடம்."

"அப்பிடித்தான் நடந்தது. பயத்துல தெரிஞ்சே எழுதினேன்னு போடுங்க."

"எதைக் கண்டு பயம்?"

இரண்டாவது தடவையாக அந்தக் கேள்வி. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நல்ல குளிர்ச்சியான வீட்டை ஒருவர் சும்மா காட்டினார், அதைக் கண்டு பயம் என்று எப்படிச் சொல்வது? "அறியாத இடம்" என்றேன். கிளார்க் அதை டைப் செய்துகொண்டார். என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அந்தப் பெயரை மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

தம்பி வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்று இரண்டு மாதம் ஒவ்வொரு ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஒருநாள் லேபில் இருக்கும்போது அந்தப் பெண் போன் செய்தாள். கேஸ் பேசித் தீர்ந்துவிட்டது. வீடும் முற்றமும் கிணறும் அண்ணனுக்கு, ரப்பர் நிற்கிற இடம் மொத்தமும் தம்பிக்கு. "உங்க பேப்பர் வேண்டி வரல்ல அக்கா. அதுக்கு முன்னமே ரெண்டு பேரும் சம்மதிச்சிட்டினும்" என்றாள். நான் அத்தனை நாள் பட்ட பாடு யாருக்கும் உதவவில்லை என்பது ஒரு மாதிரி இருந்தது. வீடு இப்போது திறப்பதில்லை என்றும் சொன்னாள். இனி ஆட்கள் வேண்டாம் என்று அவர் கேட்டைப் பூட்டியே வைத்திருக்கிறாராம். வயர் எப்படிப் போகிறது என்று வீட்டுக்காரர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கல் வைக்கும்போதே நடுவில் பைப் விட்டுக்கொண்டே கட்டினார்கள் என்று அவளுடைய மாமனார் சொல்லுவாராம். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்பம் முதல்லயே யோசிச்சிருக்கணும்" என்றார்.

நாங்கள் கொல்லயிலில் அஸ்திவாரம் போட்டு, சுவருக்குச் செங்கல் இறக்கிய வாரத்தில், அந்த மனிதர் வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்திருக்கிறார். தேய்த்த வெள்ளைச் சட்டை. தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிட்டது. இங்கே எதற்கு வருகிறார், யார் இடம் சொன்னது? அவருடைய மனைவியிடம் நான்தான் போனில் சொல்லியிருந்தேன்.

"வாங்க" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பெர்மிட் நம்பரும் பெயரும் எழுதி வைத்திருந்த போர்டின் முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அஸ்திவாரத்தைச் சுற்றி நடந்தார். பிறகு செங்கல் அடுக்கிடம் போய், கையில் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். காதருகே வைத்துக் கேட்டார். ஒன்றைத் தனியாக வைத்தார். இப்படித் தட்டித் தட்டி ஒன்பது கல்லை ஒதுக்கினார்.

"இது வேகாத கல்லு. இந்த லோடுல நெறைய உண்டு. தண்ணியில போட்டுப் பாருங்க" என்றார்.

சாயா குடிக்கச் சொன்னேன். "வேண்டாம், பஸ் இருக்கு" என்று கிளம்பிவிட்டார். பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "கல்லு பாக்கவா வந்தாரு, நாம நெசமாவே வீடு கெட்டுகோமான்னு பாக்க வந்தாரா?" என்று கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை.

மேஸ்திரி மறுநாள் அந்த ஒன்பதையும் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். சாயங்காலத்துக்குள் ஏழு கரைந்து சேறாகிவிட்டது. லோடைத் திருப்பி அனுப்பினோம். நன்றி சொல்லலாம் என்று அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் சிரித்தாள்.

"அவரு வந்த உடனே சொன்னாரு அக்கா. அந்த ரெண்டு பேருக்கும் கல்லு பாக்கவே தெரியல்ல, அதுகளை ஆரும் அனுப்பியிருக்க வழியில்லன்னு."

அவர் உண்மையாகவே அப்படிச் சொன்னாரா, என் மனசு ஆறட்டும் என்று அவளாகச் சேர்த்துச் சொன்னாளா என்று, போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.